கவிக்குயில் சரோஜினி தேவி

ஹைதராபாதில், நாம்பள்ளி ரயில் நிலையத்திற்குச் செல்லும் சாலையில் ‘கோல்டன் த்ரெஷோல்டு’ என்ற பழைய இல்லம் ஒன்று உள்ளது. பொன் வாசற்படி என்பது அப்பெயரின் பொருள். 1974-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், கச்சிபௌலியில் தனக்கென வளாகம் அமைவதற்கு முன்பு, இந்த இல்லத்தில்தான் தன் பணியைத் தொடங்கியது.

இவ்வில்லத்தின் தலைவி வங்காளப் பெற்றோருக்குப் பிறந்தவர். நிஜாமின் தலைநகரில் வளர்ந்தவர். தெலுங்கர் ஒருவரை மதராஸில் மணந்தவர். உருதுவில் சரளமாக உரையாடியவர். ஆங்கிலத்தில் கவிதை புனைந்தவர். கவிக்குயில் என்று நாடு போற்றிய சரோஜினி நாயுடுவே அவர்.

1879 பிப்ரவரி 13 அன்று அவர் பிறந்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், 1869-ல், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. 1870-ல் கடலடித் தந்திக் கம்பி பம்பாயை லண்டனுடன் இணைத்தது. பல மாதங்கள் நீடித்த கடற்பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது; செய்தியோ சில மணி நேரத்தில் சென்று சேர்ந்தது. உலகமயமாதல் என்று இன்று வழங்கும் சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. ஆயினும் அதன் நன்மையும் நெருக்கடியும் அந்தத் தலைமுறையிலேயே தோன்றிவிட்டன. தொலைதூர மக்களுடன் பேச வழி பிறந்தது. கூடவே, யாருடைய மொழியில் பேசுவது, அவர்கள் கேட்க விரும்புவதைப் பேசுவதா, நாம் சொல்ல வேண்டியதைச் சொல்வதா என்ற கேள்விகளும் பிறந்தன. எழுபது ஆண்டுகள் நீடித்த சரோஜினியின் வாழ்வில் இக்கேள்விகள் அவரை விட்டு விலகவே இல்லை.

நிஜாமின் நகரில் ஒரு வங்காளக் குடும்பம்

தந்தையார் அகோரநாத் சட்டோபாத்யாயர் கிழக்கு வங்காளத்தின் விக்ரம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றவர். நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று ஹைதராபாத் வந்து, ஆங்கிலக் கல்வி நிறுவனம் ஒன்றை அமைத்தார். பின்னாளில் நிஜாம் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அன்னையார் வரதசுந்தரி தேவி இளமையில் வங்கமொழியில் பாடல்கள் இயற்றியவர். இருவரும் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பிறந்த எட்டுக் குழந்தைகளுள் சரோஜினியே மூத்தவர்.

அக்காலத்து ஹைதராபாத் பல மொழிகளின் சங்கமமாகத் திகழ்ந்தது. சமஸ்தானத்து மக்களில் பிற மொழியினரைவிடத் தெலுங்கு பேசுவோரே மிகுதி. மராத்தியும் கன்னடமும் அதன் மேற்கு மாவட்டங்களின் மொழிகள். அரசவையில் நெடுங்காலம் கோலோச்சிய பாரசீக மொழியின் இடத்தை 1880-களில் உருது பெற்றது. ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகையும் செகந்திராபாதின் ராணுவக் குடியிருப்பும் ஆங்கிலத்திற்கு உரியவை. ஒருவர் காலையில் கடைத்தெருவிற்குச் சென்று மாலையில் வீடு திரும்புவதற்குள் மூன்று மொழிகளையேனும் செவிமடுத்துவிடுவார். இதை அந்நகரத்தார் ஒரு சிறப்பாகக் கருதவில்லை. மழையும் வெயிலும் போல அது அவர்களுக்கு இயல்பானது.

அகோரநாதரின் இல்லத் தோட்டத்தில் நாள்தோறும் ஒரு சபை கூடும். மௌல்விகள், பண்டிதர்கள், துறவிகள், தங்கம் செய்யும் வித்தை அறிந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் என யாவருக்கும் அங்கே இடமுண்டு. ரசவாதத்தில் அவருக்கும் தீராத ஆர்வம் இருந்தது. தங்கம் கிடைக்கவில்லை; நண்பர்கள் பலர் கிடைத்தனர். துணிவும் உடையவர் அவர். சாந்தா ரயில்வே திட்டத்தில் சமஸ்தானத்திற்கு இழப்பு நேரும் என்று கருதி எதிர்த்ததால் 1883-ல் நாடு கடத்தப்பட்டு, பின்னர் மீண்டும் அழைக்கப்பட்டார். அப்போது சரோஜினி நான்கு வயதுச் சிறுமி.

பூட்டிய அறை

தம் மகள் ஆங்கிலம் பேச வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மகளோ பிடிவாதமாக மறுத்தாள். ஒன்பதாவது வயதில் ஒருநாள், அகோரநாதர் அவளைத் தனி அறையில் அடைத்துப் பகல் முழுவதும் பூட்டி வைத்தார். அவள் வாழ்வில் தந்தையிடம் பெற்ற ஒரே தண்டனை அது. அறையிலிருந்து வெளிவந்தபோது சிறுமியின் நாவில் ஆங்கிலம் வந்திருந்தது. அதன் பிறகு தந்தையிடமும் தாயிடமும் அவள் வேறு எந்த மொழியிலும் பேசவில்லை. தாய் ஹிந்துஸ்தானியில் பேசுவார்; மகள் ஆங்கிலத்தில் விடை கூறுவாள். வங்க மொழியில் பாடல் இயற்றிய தாயும், உலகறிய ஆங்கிலத்தில் பாடவிருந்த மகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டது இருவருக்கும் சொந்தமல்லாத இரு மொழிகளில்!

இந்நிகழ்ச்சியைச் சரோஜினியே பின்னாளில் கசப்பின்றி நினைவுகூர்ந்தார். ஆயினும் அதனைப் படிப்பவர் மனம் சற்றுத் தயங்கவே செய்யும். அந்நிய மொழி ஒன்று உலகின் கதவைத் திறந்துவிடுகிறது என்பது உண்மை. இங்கே அதற்காக முதலில் ஒரு கதவு பூட்டப்பட்டது. இன்று அதே நகரின் ஹைடெக் சிட்டியில், கடல்கடந்த வாடிக்கையாளருக்கு இசைவாகத் தங்கள் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளப் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு இந்த அனுபவம் முற்றிலும் புதியதாக இராது.

பதினோரு வயதில் கணக்கொன்றுக்கு விடை காண முயன்றபோது, விடைக்குப் பதிலாகக் கவிதை ஒன்று தோன்றியது. பன்னிரண்டு வயதில் மதராஸ் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறி, மாகாணத்தில் முதலிடம் பெற்றார். பதின்மூன்று வயதில் ஆறே நாட்களில் ஆயிரத்து முந்நூறு வரிகள் கொண்ட நெடும்பாடலை எழுதினார். அவர் எழுதிய ‘மெஹர் முனீர்’ என்ற நாடகம் நிஜாம் மஹபூப் அலி கானின் கவனத்திற்குச் சென்றது. அதன் பயனாக, இங்கிலாந்தில் கல்வி கற்க ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை கிடைத்தது.

இக்காலத்தில் அந்நகரில் நிகழ்ந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூரலாம். 1893 பிப்ரவரி 13 அன்று, செகந்திராபாத் மஹபூப் கல்லூரியில் சுவாமி விவேகானந்தர் மேலைநாடு செல்லும் தமது நோக்கத்தைக் குறித்து ஆங்கிலத்தில் உரையாற்றினார். அன்றுதான் சரோஜினிக்குப் பதினான்கு வயது நிறைவடைந்தது.

லண்டனில் கிடைத்த அறிவுரை

1895-ல் சரோஜினி கப்பலேறினார். வெளிநாட்டுப் படிப்பு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடு என்ற மருத்துவரை அவர் விரும்பினார். மொழி வேறு, குலம் வேறு, வயதிலும் பத்தாண்டு வேறுபாடு. சமூகச் சீர்திருத்தத்தில் ஊறிய பெற்றோரே தயங்கினர். பிரிவு அந்த எண்ணத்தை மாற்றிவிடும் என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும். அது மாறவில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. அதைவிடப் பெரிய பாடம் ஒன்று எட்மண்ட் காஸ் என்ற இலக்கிய விமரிசகரிடம் கிடைத்தது. சரோஜினி தம் கவிதைகளை அவரிடம் காட்டினார். இலக்கணம் பிசகாத, ஓசை நயம் மிக்க ஆங்கிலப் பாடல்கள் அவை. அவற்றில் ராபின் பறவைகள் பாடின. ஆங்கில நாட்டுத் தேவாலய மணிகள் ஒலித்தன. காஸ் அவற்றைக் குப்பைக் கூடைக்கு அனுப்பச் சொன்னார். ஆங்கிலேயரைப் போல எழுத ஆங்கிலேயர்கள் இருக்கிறார்கள் என்பதும், இந்தியாவின் மலைகளையும் தோட்டங்களையும் கோயில்களையும் மக்களின் உள்ளத்தையும் பாட வேண்டும் என்பதுமே அவருடைய அறிவுரையின் சாரம். இளம் கவிஞர் அதனைத் தலைமேற் கொண்டார்.

1905-ல் ‘தி கோல்டன் த்ரெஷோல்டு’ லண்டனில் வெளியாயிற்று. ஆர்தர் சைமன்ஸ் அதற்கு முன்னுரை எழுதினார். நாம்பள்ளி இல்லத்தின் பெயர் இந்நூலின் பெயரே. 1912-ல் ‘தி பேர்ட் ஆஃப் டைம்’, 1917-ல் ‘தி ப்ரோக்கன் விங்’ ஆகியவை தொடர்ந்தன. பல்லக்குத் தூக்குவோர், நெசவாளர், வளையல் விற்போர், பாம்பாட்டி, சோழமண்டலக் கரையின் மீனவர், ஹைதராபாத் கடைத்தெருவின் பழ வியாபாரிகளும் பொற்கொல்லர்களும் பூத்தொடுக்கும் பெண்களும் ஆங்கிலச் சந்தத்தில் உலா வந்தனர். இந்தியப் பள்ளிகளின் ஆங்கிலப் பாடநூல்களில் இக்கவிதைகள் பல தலைமுறைகளாக இடம்பெற்றுள்ளன.

காஸின் அறிவுரை சிறந்ததே. அதனுள் ஒரு வலையும் இருந்தது. பிறரைப் பார்த்து எழுதாதே, உன் நாட்டைப் பற்றி எழுது என்பது நல்லாசிரியரின் சொல். ஆனால் எந்த இந்தியாவை எழுதுவது? லண்டன் வாசகர்கள் விரும்பியது வண்ணமயமான கீழ்த்திசையை. அதில் பட்டும் சந்தனமும் உண்டு. வரி வசூலிப்பவன் இல்லை, பஞ்சம் இல்லை, பிளேக் நோய் இல்லை. சரோஜினியின் கடைத்தெரு அழகானது. அங்கே நிற்பவர்கள் எவருக்கும் பசிப்பதில்லை. ஒரு பண்பாடு மற்றொன்றிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, கேட்பவரின் ஆசை சொல்பவரின் நாவில் வந்து அமர்ந்துவிடுவது உண்டு. மொழிபெயர்ப்பில் ஈடுபடும் எவரும் இந்த இடரை அறிவர். 1917-க்குப் பிறகு சரோஜினி தம் வாழ்நாளில் வேறு புதிய கவிதைத் தொகுதி எதனையும் வெளியிடவில்லை. பிற்காலக் கவிதைகளை, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1961-ல், மகள் பத்மஜா நூலாக்கினார்.

திருமணமும் வெள்ளமும்

1898-ல் நாடு திரும்பிய சரோஜினிக்கும் டாக்டர் நாயுடுவுக்கும் அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று மதராஸில் திருமணம் நடைபெற்றது. 1872-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி அது பதிவாயிற்று. விதவை மறுமணத்திற்காகப் பாடுபட்ட தெலுங்கு அறிஞர் வீரேசலிங்கம் பந்துலு முன்னின்று நடத்திவைத்தார். வங்காளிப் பெண்ணுக்கும் தெலுங்கு மருத்துவருக்கும் தமிழ் மண்ணில் நடந்த இத்திருமணம் அக்காலத்தில் எத்தகைய பேச்சுக்கு இடமளித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜெயசூர்யா, பத்மஜா, ரண்தீர், லீலாமணி என்று நான்கு குழந்தைகள் பிறந்தனர். பத்மஜா பின்னாளில் மேற்கு வங்காளத்தின் ஆளுநரானார். தாத்தாவின் பூர்விக மொழி வழங்கும் மாநிலத்திற்கு பேத்தி ஆளுநரானது ஒரு சுவையான திருப்பம்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாதை அழித்தது. சுமார் பதினைந்தாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடுவர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலுள்ள புளியமரத்தின் கிளைகளில் ஏறி ஏறத்தாழ நூற்றைம்பது பேர் உயிர் பிழைத்தனர். சரோஜினி நிவாரணப் பணியில் இறங்கினார். பர்தா அணிந்த குடும்பங்களின் உள்முற்றங்களிலும் குடிசைகளிலும் அவரவர் மொழியில் பேசி உதவிகளைச் சேர்ப்பித்தார். கவிதையில் பசியறியாத கடைத்தெரு, இப்போது அவர் கண்முன் சேறாகக் கிடந்தது. இப்பணிக்காக ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. பஞ்சாப் கொடுமைகளுக்குப் பின் அவர் அதனைத் துறந்தார்.

கோபாலகிருஷ்ண கோகலேயின் நட்பு அவரைப் பொதுவாழ்விற்கு முழுமையாக இழுத்தது. 1914-ல் லண்டனில், காந்தியடிகளைத் தேடிச் சென்றார். ஒரு பழைய வீட்டின் மாடியில், தரையில் விரித்த கம்பளத்தில் அமர்ந்து, சிறைச்சாலை மரக்கிண்ணத்தில் நசுக்கிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயுமாக உண்டுகொண்டிருந்த ஒரு சிறிய மனிதரைக் கண்டார். கண்டதும் சரோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த நட்பு அந்தச் சிரிப்பில் தொடங்கியது.

1917 டிசம்பரில், இந்திய அமைச்சர் மாண்டேகுவை மதராஸில் சந்தித்து, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய தூதுக்குழுவிற்குச் சரோஜினி தலைமை தாங்கினார். அயர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் கஸின்ஸும் அன்னி பெசன்ட் அம்மையாரும் உடன் சென்றனர். மாகாணங்களுள் முதலாவதாக மதராஸ் 1921-ல் பெண்களுக்கு அவ்வுரிமையை வழங்கிற்று.

மதராஸில் அச்சான நூல்

சரோஜினியின் உள்ளத்திற்கு மிக நெருக்கமானது இந்து-முஸ்லிம் ஒற்றுமை. அவர் அதனை ஒரு கொள்கையாகக் கற்கவில்லை. குழந்தைப் பருவத்தில் சுவாசித்தார். 1913-ல் லக்னோவில் நடைபெற்ற முஸ்லிம் லீக் மாநாட்டில் உரையாற்றினார். பிறப்பால் பிராமணரான ஒரு பெண்மணி, அவர்கள் மேடையில், அவர்கள் மொழியின் நயமறிந்து பேசியது அச்சபைக்குப் புதுமையாக இருந்திருக்கும்.

அந்நாளில் ஒற்றுமையின் தூதராக அவர் கண்டது முகமது அலி ஜின்னாவை. 1916-ஆம் ஆண்டின் லக்னோ ஒப்பந்தம் அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஜின்னாவின் சொற்பொழிவுகளும் எழுத்துகளும் 1918-ல் தொகுக்கப்பட்டபோது, சரோஜினி அவரைப் பற்றிய சித்திரம் ஒன்றை அந்நூலில் எழுதினார். நூலை வெளியிட்டது மதராஸின் கணேஷ் நிறுவனம். ஆங்கிலத்தில் சிந்தித்த ஜின்னாவுக்கு உருது அவ்வளவாக வசப்படவில்லை. உருதுவில் உருகிப் பேசவல்ல சரோஜினியோ இந்து. மொழி தெரிந்தால் மக்கள் நெருங்கிவிடுவர் என்று எளிதாகச் சொல்பவர்கள் இவ்விருவரையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இருபதுகளில் பாதைகள் பிரிந்தன. நட்பு உடனே அறுந்துவிடவில்லை. அது எதனையும் தடுக்கவும் இல்லை.

பொன் வாசற்படியின் குடும்பத்திலேயே வேறொரு பிரிவும் நிகழ்ந்தது. தம்பி வீரேந்திரநாதர் 1902-ல் இங்கிலாந்து சென்றவர். பின்பு தாயகம் திரும்பவே இல்லை. பெர்லினிலும் ஸ்டாக்ஹோமிலும் புரட்சி வாழ்க்கை நடத்தினார். பல ஐரோப்பிய மொழிகளில் வல்லவரானார். இறுதியில் சோவியத் நாட்டில் அடைக்கலம் புகுந்த அவர், 1937-ல் ஸ்டாலினின் களையெடுப்பில் கொல்லப்பட்டார். ஒரே தோட்டத்துச் சபையில் பல மொழி கேட்டு வளர்ந்த உடன்பிறப்புகளில் ஒருவருக்கு உலகம் மேடை அளித்தது; மற்றவருக்கு நிற்க இடம் அளிக்கவில்லை.

கடல் கடந்த பயணங்கள்

1860-ல் மதராஸ் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் ஆயிரக்கணக்கில் சென்றனர். உலகை இணைத்த அதே நீராவிக் கப்பல்கள்தாம் இவர்களையும் ஏற்றிச் சென்றன. 1924-ல் சரோஜினி கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாஸா நகரில் இந்தியர் மாநாட்டிற்குத் தலைமை வகித்துவிட்டு, தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியர்களைத் தனிப் பகுதிகளுக்குள் ஒதுக்கும் சட்ட மசோதா அங்கே விவாதத்தில் இருந்தது. அவர் வெள்ளையர் கூட்டங்களிலும் பேசினார், கூலிக் குடியிருப்புகளுக்கும் சென்றார். அவ்வாண்டின் நடுவில் ஸ்மட்ஸ் அரசு தேர்தலில் வீழ, மசோதா காலாவதியாயிற்று. அவர் சென்று பேசியதால்தான் அது நின்றது என்று கூறுவது மிகையாகும். தாயகம் தங்களை மறக்கவில்லை என்பதை அம்மக்கள் நேரில் கண்டனர் என்பதே உண்மை. தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு, 1925-ல், கான்பூரில் இந்திய தேசியக் காங்கிரஸின் தலைமையை ஏற்ற முதல் இந்தியப் பெண்மணியானார்.

1927-ல் அமெரிக்கரான கேத்தரின் மேயோ எழுதிய ‘மதர் இந்தியா’ வெளியாயிற்று. குழந்தை மணம், தீண்டாமை, சுகாதாரக் கேடு ஆகியவற்றை அடுக்கி, இந்தியா தன்னைத் தானே ஆளத் தகுதியற்றது என்று அந்நூல் வாதிட்டது. அதில் கூறப்பட்ட தீமைகள் பல உண்மையாகவே இருந்தன. அவற்றை எதிர்த்துப் போராடியவர்களும் இந்தியர்களே என்பதை நூல் பெரிதும் மறைத்தது. காந்தியடிகளின் விருப்பப்படி சரோஜினி 1928 அக்டோபரில் நியூயார்க்கில் இறங்கினார். பல மாதங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றுப்பயணம் செய்தார்.

இங்கேதான் அவருடைய முதிர்ச்சி புலப்படுகிறது. முன்பு லண்டன் விரும்பியது பட்டும் சந்தனமும் கமழும் கீழ்த்திசை. இப்போது நியூயார்க் வாங்கிப் படித்தது அழுக்கும் கொடுமையும் நிறைந்த கீழ்த்திசை. இரண்டுமே பிறர் வரைந்த படங்கள். சரோஜினி மேயோவுடன் வாதிடுவதைத் தம் வேலையாக ஆக்கிக்கொள்ளவில்லை. பட்டுப்புடவை உடுத்தி, எவரையும் சிரிக்கவைத்து, எவருக்கும் அஞ்சாமல் பேசும் ஓர் இந்தியப் பெண் மேடையில் நின்றதே பலருக்குப் போதிய விடையாயிற்று. தாமும் கேட்டார், கண்டார். அந்நாட்டின் கறுப்பின மக்கள் படும் இழிவைக் கண்டு வருந்திக் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். பேசப் போனவர் கேட்கவும் செய்தார் என்பது இப்பயணத்தின் தனிச்சிறப்பு.

அவர் வந்திறங்கிய மறுமாதம், அதே நியூயார்க்கில், மிக்கி மவுஸ் என்ற எலி திரைப்படத்தில் அறிமுகமாயிற்று. பெரிய காதுகளை உடைய காந்தியடிகளுக்கு அவர் பின்பு வைத்த செல்லப் பெயர் இந்த எலியின் பெயரே. சேவாகிராமத்து முனிவரை அமெரிக்கக் கேலிச்சித்திரத்தின் பெயரால் அழைக்க வேறு எவருக்குத் துணிவு வந்திருக்கும்!

தாராசனா

1930 மே மாதம் காந்தியடிகளும், அவருக்குப் பின் அப்பாஸ் தயாப்ஜியும் கைதாகவே, சூரத் மாவட்டத்துத் தாராசனா உப்பளத்தை நோக்கிய அறப்போருக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பு சரோஜினியிடம் வந்தது. மே 21 அன்று ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு தொண்டர்கள் கூடினர். விழும் அடியைத் தடுக்கக்கூடக் கையை உயர்த்தலாகாது என்பது அவர் இட்ட கட்டளை. வரிசை வரிசையாக முன்னேறினர். இரும்புப் பூணிட்ட லத்திகள் தலைகளில் இறங்கின. ஒரு வரிசை விழுந்ததும் அடுத்தது நடந்தது. அன்றே சரோஜினி கைது செய்யப்பட்டார்.

அங்கே வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் இருந்தார். கொட்டகையில் கிடந்த காயமுற்றவர்களை அவர் எண்ணினார். 320 பேர், இருவர் இறந்திருந்தனர். அவர் அனுப்பிய செய்தியைத் தந்தி அலுவலகத்தில் நிறுத்திவைக்க முயன்றனர். தடைகளைக் கடந்து அது வெளியேறி, உலகெங்கும் சுமார் 1,350 செய்தித்தாள்களில் அச்சாயிற்று. அமெரிக்க செனட் சபையிலும் வாசிக்கப்பட்டது. பேரரசு தன் ஆட்சிக்காக விரித்த தந்திக் கம்பிகளே அதற்கு எதிரான சாட்சியத்தைச் சுமந்தன. சரோஜினி முப்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் எழுதியும் பேசியும் சொல்ல முயன்றதை, ஒரு சொல்லும் பேசாமல் விழுந்த அத்தொண்டர்கள் ஒரே பகலில் சொல்லிவிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆங்கிலம் அறியாதவர்கள்.

1931-ல் காந்தியடிகளுடன் ‘ராஜபுதானா’ கப்பலில் லண்டன் வட்டமேஜை மாநாட்டிற்குச் சென்றார். மாநாடு பயன் தரவில்லை. 1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது பூனாவின் ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளோடு சிறைவைக்கப்பட்டார். மகாதேவ தேசாய் அங்கே உயிர் நீத்ததைக் கண்டார். உடல்நலம் குன்றியதால் 1943 மார்ச்சில் விடுதலையானார்.

டெல்லியும் லக்னோவும்

1947 மார்ச் 23 அன்று டெல்லியின் பழைய கோட்டையில் ஆசிய உறவு மாநாடு தொடங்கியது. எகிப்திலிருந்து இந்தோனேசியா வரை, திபெத்திலிருந்து இலங்கை வரை, பிரதிநிதிகள் திரண்டனர். நூற்றாண்டுகளாக ஐரோப்பியத் தலைநகரங்கள் வழியாகவே ஒருவரையொருவர் அறிந்திருந்த அண்டை நாட்டவர்கள் நேருக்கு நேர் அமர்ந்தனர். தலைமை வகித்தவர் அறுபத்தெட்டு வயதுச் சரோஜினி. அவர்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். நிறைவு நாளில் உரையாற்றிய காந்தியடிகள், தாம் அந்நிய மொழியில் பேச நேர்ந்ததைக் குறிப்பிடாமல் விடவில்லை. ஆசிய ஒற்றுமையை அம்மேடையில் வாழ்த்திய நாட்களில், பஞ்சாபில் வகுப்புக் கலவரம் மூண்டிருந்தது. ஐந்து மாதங்களில் நாடு பிரிந்தது. தொலைவில் உள்ளவர்களிடம் பேசிப் புரியவைக்க முடிந்த அவரால், அடுத்த வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியபோது எதுவும் செய்ய இயலவில்லை. அவர் வாழ்வின் ஆறாத காயம் அது.

1947 ஆகஸ்ட் 15 அன்று ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் ஆளுநர் அவரே. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒற்றுமைக்காகக் குரல் கொடுத்த அதே லக்னோவில்தான் இப்போது அரசு மாளிகை. பிரிவினையால் அச்சமுற்ற முஸ்லிம் குடும்பங்களுக்கு அம்மாளிகையின் வாசல் திறந்திருந்தது. உருது நயம் அறிந்த ஆளுநரை அந்நகரம் தன்னவராகவே ஏற்றது. 1948 ஜனவரியில் காந்தியடிகள் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில், தாம் பிறந்து வளர்ந்த ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த செய்தியை லக்னோவிலிருந்து கேட்டார். தம்மைப் படிக்க அனுப்பிய நிஜாமின் ஆட்சிப் பரம்பரை அத்துடன் முடிவுக்கு வந்தது.

1949 மார்ச் முதல் தேதி இரவு, கடும் தலைவலியும் இருமலும் அவரை வாட்டின. உடனிருந்த செவிலியிடம் ஒரு பாட்டுப் பாடும்படி கேட்டார். செவிலி பாட, கேட்டுக்கொண்டே உறங்கிப்போனார். மார்ச் 2 அதிகாலையில் உயிர் பிரிந்தது. கோமதி நதிக்கரையில் இறுதிச் சடங்குகள் நடைபெற்றன.